சிங்ஹுவா பல்கலையின் இணைப்புப் பள்ளி: நூறு வருடமாக வாசலில் நடக்கும் சண்டை

#1 மதுரகவி

சீனாவில் பேர்பெற்ற பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் பக்கத்திலேயே ஒட்டினாற்போல ஓர் உயர்நிலைப்பள்ளி இருக்கும். பெய்ஜிங் பல்கலைக்கு உண்டு, ரென்மின் பல்கலைக்கு உண்டு, ஷாங்ஹாயில் கிழக்குச் சீன ஆசிரியப் பல்கலைக்கு உண்டு. சீனப் பள்ளிக்கல்வி என்று பேச்செடுத்தாலே நம் ஆட்கள் ஹெபெய் மாகாணத்து ஹெங்ஷுய் பள்ளியைத்தான் இழுப்பார்கள். விடியற்காலை ஓட்டம், ராத்திரி வரை தேர்வுத்தாள், அதே கதை. அது ஒரு முகம். நாட்டை ஆள்பவர்களும் பேராசிரியர்களும் தங்கள் பிள்ளைகளை எங்கே சேர்க்கிறார்கள் என்று பார்த்தால் வேறு முகம் தெரியும். அதற்காகத்தான் இந்த இழை. எடுத்துக்கொண்டது சிங்ஹுவா பல்கலையின் இணைப்புப் பள்ளி.

தொடக்கம் 1915. பாக்ஸர் கலகத்துக்காகச் சீனா கட்டிய இழப்பீட்டில் அமெரிக்கா திருப்பிக் கொடுத்த பணத்தில் 1911இல் சிங்ஹுவா கல்லூரி வந்தது. அப்போது அந்த இடம் நகரத்துக்கு வெளியே, பழைய அரச தோட்டம். ஆசிரியர்கள் குடும்பத்தோடு வளாகத்திலேயே குடியிருந்தார்கள், பிள்ளைகளைப் படிக்கவைக்கப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. அதனால் ஆரம்பித்ததுதான் செங்ஜி பள்ளி. ஊழியர் பிள்ளைகளுக்கான பள்ளி, அவ்வளவுதான். பிற்பாடு நோபல் வாங்கிய இயற்பியலாளர் சி.என். யாங் 1929 முதல் 1933 வரை அங்கே படித்தவர். அப்பா சிங்ஹுவாவில் கணிதப் பேராசிரியர்.

1937இல் ஜப்பானியப் படை வந்ததும் பல்கலை தெற்கே சாங்ஷாவுக்கும் அங்கிருந்து குன்மிங்குக்கும் போனது. போர் முடிந்து 1946இல்தான் வளாகத்துக்குத் திரும்பியது. பள்ளியின் கதை நிஜமாகவே மாறியது 1960இல். அப்போது சிங்ஹுவாவின் தலைவர் ஜியாங் நான்ஷியாங். தொடக்கப்பள்ளியிலிருந்து பல்கலை வரை ஒரே வரிசையாக ஆட்களைத் தயாரிக்க வேண்டும் என்ற எண்ணம் மேலே ஓடிக்கொண்டிருந்த காலம். மேல்நிலை வகுப்புகளைத் தொடங்கி வான் பாங்ரு என்பவரைத் தலைமையாசிரியராகப் போட்டார்கள். பெய்ஜிங் பல்கலையின் இணைப்புப் பள்ளியும் அதே வருடம் வந்ததுதான்.

என் கட்சி என்னவென்றால், இந்தப் பள்ளியின் பாடத்திட்டத்தைவிட இதன் வாசலைப் பார்த்தால்தான் சீனாவின் கதை புரியும். உள்ளே விடுவதற்கு எதைக் கேட்டார்கள்? அப்பாவின் வேலையையா, வம்சத்தையா, மதிப்பெண்ணையா, பணத்தையா? ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொன்று.

#2 ஆத்தூரான்

யாங் பிறந்தது 1922 என்றால் 1929இல் ஏழு வயது. அது தொடக்கப்பள்ளி வயது. அதையெல்லாம் ஓர் உயர்நிலைப்பள்ளி தன் பெருமைக் கணக்கில் எழுதிக்கொள்ளலாமா?

#3 மதுரகவி

சிங்ஹுவா தொடக்கப்பள்ளியும் உயர்நிலைப்பள்ளியும் இரண்டுமே 1915ஐத்தான் தங்கள் பிறந்த வருடம் என்கின்றன. வேர் ஒன்றுதான், பங்கு பிரிக்காத சொத்து மாதிரி வைத்திருக்கிறார்கள். நோபல்காரர் என்றால் யார்தான் விட்டுக்கொடுப்பார்கள்?

#4 தூத்துக்குடி_செல்வம்

நல்ல இழை தோழர். ஆனால் 1915, 1937, 1960 என்று சொல்லிவிட்டு, உலகத்துக்கே அந்தப் பள்ளி தெரியவந்த வருடத்தைத் தாண்டிப்போகிறீர்களே. 1966இல் மாவோ தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியின் மாணவர் படையான செங்காவலர் இயக்கம் பிறந்தது அங்கேதானே? அந்த அத்தியாயத்தைப் பள்ளியின் ஆண்டுவிழா மலரில் போடமாட்டார்கள், நீங்களுமா?

#5 மதுரகவி

தாண்டவில்லை தோழர், தனியாக எழுத வைத்திருந்தேன். இது கொஞ்சம் நீளம்.

1966 மே 29. பள்ளிக்குப் பக்கத்தில் யுவான்மிங்யுவான் இருக்கிறது. 1860இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் எரித்துவிட்டுப் போன பழைய அரண்மனைத் தோட்டம். அந்த இடிபாடுகளுக்கு நடுவே சில மாணவர்கள் கூடி ஒரு ரகசியக் குழு அமைத்தார்கள். ‘செங்காவலர்’ என்ற பெயரைக் கொடுத்தவர் ஜாங் செங்ஜி என்ற மாணவர். (பழைய பள்ளியின் பெயரும் இவர் பெயரும் ஒன்றுபோல இருப்பது தற்செயல்.) ஜூன் 2ஆம் தேதி அந்தப் பெயரில் சுவரொட்டி ஏறியது. பள்ளி நிர்வாகத்தோடு மோதல். ஜூன் 24, ஜூலை 4 தேதிகளில் மேலும் இரண்டு சுவரொட்டிகள், கலகம் செய்வது நியாயமே என்ற முழக்கத்தோடு. ஆகஸ்ட் 1ஆம் தேதி மாவோ அந்த மாணவர்களுக்கே ஆதரவுக் கடிதம் எழுதினார். கடிதம் தபாலில் போகவில்லை. கட்சியின் மத்தியக் குழுக் கூட்டத்தில் அச்சடித்துக் கொடுக்கப்பட்டது. அது போதாதா? அதே கடிதத்தில் பெய்ஜிங் பல்கலையின் இணைப்புப் பள்ளி மாணவர் குழு ஒன்றுக்கும் பாராட்டு இருந்தது. இரண்டு வாரம் கழித்து ஆகஸ்ட் 18 அன்று தியானென்மென்னில் முதல் பெரிய அணிவகுப்பு. அதன்பின் நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது.

இனி வாசல் விஷயம். 1960களின் முற்பாதியில் அந்தப் பள்ளிக்குள் இரண்டு வகைப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒன்று கட்சி, ராணுவ அதிகாரிகளின் பிள்ளைகள். இன்னொன்று சிங்ஹுவா பேராசிரியர்களின் பிள்ளைகள். இரண்டாம் வகைக்கு மதிப்பெண் வரும், ஆனால் ‘வர்க்கப் பின்னணி’ இடிக்கும். முதல் வகைக்கு நாட்டை மீட்டது எங்கள் அப்பா என்ற நினைப்பு. மதிப்பெண்ணை வைத்து ஆளை எடைபோடும் பள்ளி தங்களை ஒதுக்குகிறது என்ற கோபமும் உண்டு. 1966 கோடையில் இந்தக் கோபத்துக்குக் கையில் தடி கிடைத்தது. அப்பா வீரன் என்றால் மகனும் வீரன், அப்பா பிற்போக்கு என்றால் மகன் உருப்படாதவன் என்ற ஈரடி பெய்ஜிங் பள்ளிச் சுவர்களில் ஏறியது. தொழிலாளி, ஏழை விவசாயி, புரட்சி அதிகாரி போன்ற ‘ஐந்து சிவப்பு’ வகையில் பிறந்தவன் அடிக்கலாம், நிலக்கிழார், பணக்கார விவசாயி, வலதுசாரி போன்ற ‘ஐந்து கறுப்பு’ வகையில் பிறந்தவன் வாங்கிக்கொள்ள வேண்டும். சிங்ஹுவா பள்ளியிலும் ஆசிரியர்கள் அடிபட்டார்கள். தலைமையாசிரியர் வான் பாங்ருவும் தப்பவில்லை.

அடுத்த வருடம் மாணவர்களே இரண்டாக உடைந்தார்கள். மேலிடத் தலைவர்கள் 1967 ஏப்ரல் 3 அன்று ஒன்றும் ஏப்ரல் 4 அன்று அதற்கு மாறாக ஒன்றும் பேச, அந்தத் தேதிகளே கட்சிப் பெயராகின: நான்கு-மூன்று, நான்கு-நான்கு. படித்தவர் வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் நான்கு-மூன்று பக்கம் போய், அதிகாரிகளின் சலுகைகளைப் பறித்துப் பங்கிட வேண்டும் என்று எழுத ஆரம்பித்தார்கள். பின்னால் எழுத்தாளரான ஜெங் யி அந்தப் பக்கத்து ஆள், இதே பள்ளி.

1968 டிசம்பரில் எல்லோரையும் கிராமத்துக்குப் போகச் சொல்லி ஆணை வந்தது. அதிகாரி மகன், பேராசிரியர் மகன் என்ற பேதம் இல்லாமல் மூட்டை கட்டினார்கள். ஜாங் செங்ஜி உள் மங்கோலியப் புல்வெளியில் நான்கு வருடம் இருந்தார். ஹுய் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. பின்னாளில் வடமேற்கு முஸ்லிம்களைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கினார். ஷி தியேஷெங் ஷான்ஷி மாகாணத்தின் யான்சுவான் பகுதிக்குப் போனார். 1972இல், 21 வயதில், கால் இரண்டும் விழுந்துவிட்டன. சக்கர நாற்காலியில் பெய்ஜிங்கின் திதான் பூங்காவுக்குப் போய்ப் போய் உட்கார்ந்து எழுதியவர் அவர்தான். ஒரே பள்ளி, ஒரே தலைமுறை, மூன்று பெரிய எழுத்தாளர்கள். எந்த ஒலிம்பியாட் பதக்கத்தையும்விட எனக்கு இதுதான் ஆச்சரியம்.

#6 ஆத்தூரான்

மாணவிகள் சேர்ந்து துணைத் தலைமையாசிரியையை அடித்துக் கொன்றதும் இங்கேதானே?

#7 நீலா_ரா

அது வேறு பள்ளி, ஆத்தூரான் சார். பெய்ஜிங் ஆசிரியப் பல்கலையின் இணைப்புப் பெண்கள் பள்ளி, 1917இல் தொடங்கியது. மாவோவின் மகள்கள், அப்போதைய நாட்டுத் தலைவர் லியூ ஷாவ்ச்சியின் மகள், பிற்பாடு நாட்டை ஆண்ட தெங் சியாவோபிங்கின் மகள் எல்லாம் படித்த இடம். அங்கே துணைத் தலைமையாசிரியை பியான் ஜோங்யுன் 1966 ஆகஸ்ட் 5 அன்று மாணவிகள் கையால் இறந்தார். ஐம்பது வயது, நான்கு பிள்ளைகளுக்குத் தாய். பதின்மூன்று நாள் கழித்து தியானென்மென் மேடையில் மாவோவின் கையில் சிவப்புப் பட்டையைக் கட்டிய சோங் பின்பின் அதே பள்ளி மாணவி.

அந்த அம்மாவின் கணவர் மறுநாளே போய் ஒரு கேமரா வாங்கி, மனைவியின் உடலைப் படமெடுத்து வைத்தார். ரத்தக்கறை படிந்த துணிகளையும் எடுத்து வைத்தார். 2014 ஜனவரியில் சோங் பின்பின் பள்ளிக்கு வந்து, அங்கே வைத்திருக்கும் பியான் அம்மையாரின் மார்பளவுச் சிலைக்கு முன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். கணவர் ஏற்கவில்லை. சோங் 2024 செப்டம்பரில் நியூயார்க்கில் இறந்துபோனார்.

இப்போது அது ஆண், பெண் இருபாலரும் படிக்கும் ‘சோதனைப் பள்ளி’, ஷிசெங் பகுதியின் முதல் வரிசைப் பள்ளிகளில் ஒன்று.

#8 தூத்துக்குடி_செல்வம்

வன்முறையை யாரும் நியாயப்படுத்த முடியாது. நானும் செய்யவில்லை. ஆனால் கதையைப் பேராசிரியர் வீட்டு ஜன்னலிலிருந்து மட்டும் பார்க்கக் கூடாது. 1950களிலேயே நாடு முழுக்கச் சில நூறு பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து ‘முக்கியப் பள்ளி’ என்று பெயரிட்டு, நல்ல ஆசிரியர், நல்ல ஆய்வகம் எல்லாவற்றையும் அங்கே கொட்டினார்கள். கிராமத்துப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது? நீங்கள் இருண்ட காலம் என்று சொல்லும் பண்பாட்டுப் புரட்சியின் அந்தப் பத்து வருடத்தில்தான் கிராமங்களில் உயர்நிலை வகுப்புகள் பெருகின. 1978இல் தெங் ‘முக்கியப் பள்ளி’யைத் திரும்பக் கொண்டுவந்த கையோடு, தரம் இல்லை என்று சொல்லி அந்தக் கிராமப் பள்ளிகளில் ஏராளமானவற்றை மூடினார்கள். இதையும் உங்கள் வாசல் கணக்கில் சேருங்கள்.

#9 மதுரகவி

சேர்க்கிறேன், நியாயமான பேச்சு. அந்தக் கிராமப் பள்ளிகளில் பலவற்றின் தரம் மோசம்தான். ஆனால் மோசமான பள்ளிக்கும் பள்ளியே இல்லாததற்கும் வித்தியாசம் உண்டு.

ஒன்று மட்டும். அதே பத்து வருடத்தில் வம்சத்தை வைத்து வாசலை அடைத்ததும் நடந்தது. யூ லுவோகெ என்ற இளைஞர், வலதுசாரி என்று முத்திரை குத்தப்பட்ட பொறியாளரின் மகன். நல்ல மதிப்பெண் இருந்தும் பல்கலை வாசல் திறக்கவில்லை. பிறப்பை வைத்து மனிதனை அளக்காதே என்று கட்டுரை எழுதினார். அதை 1967 ஜனவரியில் பள்ளி மாணவர்கள் நடத்திய ஒரு பத்திரிகை அச்சடித்தது. 1970 மார்ச் 5 அன்று 27 வயதில் சுட்டுக் கொன்றார்கள். 1979இல் குற்றமற்றவர் என்று காகிதம் கொடுத்தார்கள். 1977 டிசம்பரில் காவ்காவ் என்ற பல்கலை நுழைவுத் தேர்வு திரும்ப வந்தபோது 57 லட்சம் பேர் எழுத வந்தார்களே, இடம் கிடைத்தது சுமார் 2,73,000 பேருக்கு. அந்தக் கூட்டத்துக்குத் தேர்வு என்பது விடுதலையாகத் தெரிந்தது. அப்பா யார் என்று கேட்காத ஒரு தாள் அது.

#10 வாசுகி_டீச்சர்

வரலாறு பிரமாதமாகப் போகிறது. நான் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறவள், எனக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். என்ன சொல்லித்தருகிறார்கள்? மற்றப் பள்ளியிலிருந்து எங்கே வேறுபடுகிறது? ஒலிம்பியாட், ஒலிம்பியாட் என்கிறார்களே, அது எல்லாருக்குமா, சிலருக்கு மட்டுமா?

#11 மதுரகவி

டீச்சர், முதலில் எல்லாருக்கும் பொதுவானதைச் சொல்லிவிடுகிறேன். பெய்ஜிங்கில் காவ்காவ் மொத்தம் 750. சீனம், கணக்கு, வெளிநாட்டு மொழி மூன்றும் 150 வீதம். அரசியல், வரலாறு, புவியியல், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆறில் மூன்றை மாணவரே தேர்ந்தெடுக்கலாம், 100 வீதம். கலை, அறிவியல் என்று இரண்டாகப் பிரிக்கும் பழைய முறை அங்கே 2020இலிருந்து போய்விட்டது. இதனால் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மத்தியானத்துக்கு மேல் ஆளுக்கொரு அறைக்குப் போவார்கள். அட்டவணை போடும் ஆசிரியருக்குத்தான் தலைவலி.

மேல்நிலைக்கு முந்தைய தேர்வு ஜோங்காவ். 2025 முதல் பெய்ஜிங்கில் மொத்தம் 510, அதில் 50 உடற்கல்விக்கு. ஓடத் தெரியாத முதல் மாணவன் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. 

ஒலிம்பியாட் சிலருக்கு மட்டும்தான். அதற்கு ஒரு முன்கதை உண்டு. சீனா சர்வதேசக் கணித ஒலிம்பியாடுக்கு முதலில் ஆள் அனுப்பியது 1985இல், அதுவும் இரண்டே பேர். அடுத்த வருடம் முழு அணி. 1990இல் போட்டியையே பெய்ஜிங்கில் நடத்தினார்கள். 1990களில் கல்வி அமைச்சகம் ‘தேசிய அறிவியல் சோதனை வகுப்பு’ என்று ஒன்று நடத்தியது. நாடு முழுக்கப் பொறுக்கியெடுத்த பிள்ளைகள், காவ்காவ் எழுத வேண்டாம், நேரே பல்கலை. அந்த வகுப்பை நான்கே பள்ளிகளிடம் கொடுத்தார்கள். சிங்ஹுவா இணைப்புப் பள்ளி, பெய்ஜிங் பல்கலை இணைப்புப் பள்ளி, மேலே நீலா சொன்ன ஆசிரியப் பல்கலையின் சோதனைப் பள்ளி, ஷாங்ஹாயில் கிழக்குச் சீன ஆசிரியப் பல்கலையின் இரண்டாம் பள்ளி. நான்கும் பல்கலை இணைப்புப் பள்ளிகள்! பேராசிரியர் சைக்கிளில் வந்து பாடம் எடுத்துவிட்டுப் போகும் தூரத்தில் இருக்கும் பள்ளிக்கு இந்த வசதி இயல்பாகவே கிடைக்கும்.

இப்போது அதே பாதையைக் கணித அறிஞர் ஷிங்-துங் யாவ் வேறு விதமாகப் போடுகிறார். கணிதத்தின் பெரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 1982இல் வாங்கியவர், 2022இல் ஹார்வர்டை விட்டு சிங்ஹுவாவுக்கு முழுநேரமாக வந்துவிட்டார். ஒலிம்பியாட் பயிற்சி கணிதமே அல்ல என்று வெளிப்படையாகத் திட்டுகிற ஆள். அவருடைய திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு முடித்தவனே சிங்ஹுவாவில் சேர்ந்து எட்டு வருடத்தில் முனைவர் பட்டம் வரை போகலாம், வருடத்துக்கு நூறு பேருக்கு மேல் எடுப்பதில்லை. அதற்குக் கீழே பள்ளிகளில் அவர் பெயரிலேயே சிறுவர் வகுப்புகள் வந்துவிட்டன. வேடிக்கை என்னவென்றால், ஒலிம்பியாடுக்கு எதிராகத் தொடங்கிய வாசலுக்கும் இப்போது தனிப்பயிற்சி மையங்கள் ‘தயாரிப்பு வகுப்பு’ நடத்துகின்றன.

அப்புறம், சிங்ஹுவா பள்ளியைத் தனியாகக் காட்டுவது கணக்கு அல்ல, விளையாட்டு. 1986இல் தொடங்கிய ‘மா யுவேஹான் வகுப்பு’. மா யுவேஹான் 1914 முதல் 1966 வரை சிங்ஹுவாவில் உடற்கல்வி சொல்லித்தந்தவர். பழைய நாளில் மாலை நான்கிலிருந்து ஐந்து வரை நூலகம், வகுப்பறை, விடுதி மூன்றையும் பூட்டிவிடுவார்களாம். மைதானத்தைத் தவிரப் போக இடம் இருக்காது. மரத்தடியில் ஒளிந்து படிப்பவனைக்கூட அவர் தேடிப்பிடித்து ஓடவிடுவார் என்று கதை. இந்த வகுப்புப் பிள்ளைகள் தடகளம், கூடைப்பந்து, துப்பாக்கிச் சுடுதல் பயிற்சியோடு சாதாரணப் பாடத்தையும் படிக்க வேண்டும். சீனாவின் அரசு விளையாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகள் சின்ன வயதிலேயே படிப்பை மூட்டைகட்டி வைத்துவிடுவார்கள். அதற்கு மாற்றாகப் போட்ட பாதை இது. டோக்கியோ ஒலிம்பிக்ஸின் முதல் தங்கம், 2021 ஜூலை 24, பத்து மீட்டர் ஏர் ரைஃபிள், யாங் சியென். நிங்போ பெண். இந்தப் பள்ளி வழியாக வந்து சிங்ஹுவாவில் பொருளாதார மேலாண்மை படித்துக்கொண்டிருந்தார்.

#12 வாசுகி_டீச்சர்

நூலகத்தைப் பூட்டுகிற ஐடியாவை எங்கள் தலைமையாசிரியர் காதில் போட்டால் என்னைத்தான் வெளியே வைத்துப் பூட்டுவார். :)

உடற்கல்விக்கு 50 என்பது நல்ல விஷயம். ஆனால் அதற்கும் டியூஷன் வந்திருக்குமே?

#13 நீலா_ரா

வராமல்? கயிறு தாண்ட, ஓட, கூடைப்பந்து தட்டிக்கொண்டு கம்பங்களைச் சுற்றிவர, எல்லாவற்றுக்கும் மணிக்கணக்கில் பயிற்சியாளர் கிடைப்பார்.

என் வீட்டுக்காரர் வேலையால் சில வருடம் ஹைதியன் பகுதியில் குடியிருந்தோம். அந்த ஊரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. ஆறு பெரிய பள்ளிகள் அங்கே ஒரே பகுதிக்குள். ரென்மின் பல்கலையின் பள்ளி, சிங்ஹுவா, பெய்ஜிங் பல்கலை, தலைநகர ஆசிரியப் பல்கலையின் பள்ளி, அதோடு 101ஆம் எண் பள்ளி, ‘பதினொன்று’ பள்ளி. ஆறில் நான்கு இணைப்புப் பள்ளிகள். மெட்ரோவின் 4ஆம் வழியும் 10ஆம் வழியும் சந்திக்கும் ஹைதியன் ஹுவாங்ஜுவாங் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் ரென்மின் பள்ளி வாசல் பக்கத்தில்தான். 2021க்கு முன்னால் சனி, ஞாயிறு அங்கே நடக்க முடியாது. ஒரே கட்டடத்தில் மாடிக்கு மாடி டியூஷன். லிஃப்டுக்கு வரிசை. உள்ளே பிள்ளைகள் முன்வரிசையில், அம்மாக்களும் தாத்தாக்களும் கடைசி பெஞ்சில். ஒரு தாத்தா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பலகையில் இருக்கும் வடிவியல் படத்தை நோட்டில் ஸ்கேல் வைத்து வரைந்துகொண்டிருப்பார். பேரனுக்கு வீட்டில் மறுபடி சொல்லித்தர. இரண்டு வகுப்புக்கு நடுவே நடைபாதைப் படியில் உட்கார்ந்து டப்பா சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வகுப்புக்கு ஓடுவார்கள்.

இதில் பெரிய கூத்து ‘இடம்பிடிக்கும் வகுப்பு’. பெரிய பள்ளியோடு உள்தொடர்பு வைத்திருக்கும் பயிற்சி மையத்தில் மூன்றாம் வகுப்பிலேயே சேர்ந்துவிட வேண்டும். மூன்று நான்கு வருடம் ஒவ்வொரு வார இறுதியும் போனால், கடைசியில் பள்ளி அந்தக் கூட்டத்திலிருந்து சிலரைத் தொட்டுத் தூக்கும். யாருக்கும் வாக்குறுதி கிடையாது. 2012இல் நகர அரசு இதை விசாரித்துத் தடை போட்டது. அதற்குப் பிறகு வேறு பெயரில் நடந்தது.

இன்னொரு வாசல் ‘கூட்டுக்கட்டுமான’ இடங்கள். ஓர் அமைச்சகமோ பெரிய நிறுவனமோ பள்ளிக்குப் பணமாகவோ வசதியாகவோ ஏதாவது செய்யும், பதிலுக்கு அதன் ஊழியர் பிள்ளைகளுக்கு இத்தனை இடம் ஒதுக்கப்படும். ஊரறிந்த ரகசியம். 2014இல் பெய்ஜிங் இதை நிறுத்தி, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிதான் என்றது. உடனே பள்ளிக்குப் பக்கத்து வீட்டு விலை ஏறியது. அதையும் அடக்க, 2019க்குப் பிறகு வாங்கும் வீட்டுக்கு ஒரே பள்ளி உறுதியில்லை, பல பள்ளிகளில் எது விழுகிறதோ அது என்று ஹைதியன் விதி போட்டது. ஒவ்வொரு அணைக்கும் தண்ணீர் வேறு பக்கம் வழி கண்டுபிடித்துக்கொண்டே இருந்தது.

2021 ஜூலையில் பள்ளிப் பாடத்துக்கான லாப நோக்க டியூஷனையே தடை செய்தார்கள். செய்தி கசிந்த 23ஆம் தேதி ஷுவேர்ஸி என்ற டியூஷன் நிறுவனத்தின் பங்கு நியூயார்க்கில் ஒரே நாளில் எழுபது சதவீதம் விழுந்தது. ஹுவாங்ஜுவாங் கட்டடங்கள் காலியாகின. பணமுள்ள வீடுகளில் ஆசிரியர் இப்போது ‘வீட்டு உதவியாளர்’ என்ற பெயரில் வருகிறார்.

#14 தூத்துக்குடி_செல்வம்

நீலா அம்மா எழுதியதைப் படித்தால் என் கேள்விக்கு நான் விடை தேட வேண்டியதில்லை. வம்சம் போய் அமைச்சகமும் வீட்டுப் பத்திரமும் வந்தது. இதில் தேர்வு அப்பா யார் என்று கேட்காத தாள் என்கிறார் மதுரகவி. பெய்ஜிங்கில் ஹுகோ, அதாவது குடும்பக் குடியிருப்புப் பதிவு, இல்லாத பிள்ளை அந்தத் தாளையே அங்கே எழுத முடியாதே. அப்பா கட்டடத் தொழிலாளியாக இருபது வருடம் பெய்ஜிங்கில் இருந்தாலும் பிள்ளை சொந்த மாகாணத்துக்குப் போய்த்தான் காவ்காவ் எழுத வேண்டும். அங்கே போட்டியோ பல மடங்கு. சிங்ஹுவா தன் இடங்களை மாகாணவாரியாகப் பிரித்துவைத்திருக்கிறது, பெய்ஜிங் பிள்ளைக்குத் தலைக்கு வரும் வாய்ப்பு ஹெனான் பிள்ளைக்கு வராது.

கட்டடத் தொழிலாளி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2014 டிசம்பர் 29 அன்று இதே சிங்ஹுவா பள்ளி வளாகத்தில் உடற்பயிற்சிக் கூடமும் விடுதியும் கட்டும் வேலையில், அடித்தளத்துக்குக் கட்டியிருந்த கம்பிக்கூடு சரிந்து பத்துத் தொழிலாளிகள் இறந்தார்கள், நான்கு பேருக்குக் காயம். பொறுப்பில் இருந்தவர்கள் பலருக்குச் சிறை கிடைத்தது. பள்ளியின் பெருமைப் பட்டியலில் எழுத்தாளர் பெயர் இருக்கிறது, தங்கம் வாங்கிய பெண் பெயர் இருக்கிறது. இந்தப் பத்துப் பேர்?

#15 மதுரகவி

இந்தச் செய்தி ஞாபகம் இருக்கிறது தோழர். மேலே கம்பியைக் கட்டுக்கட்டாக ஒரே இடத்தில் அடுக்கியதில் கீழே இருந்த தாங்கிகள் பாரம் தாங்காமல் போயின. வெளியூர் ஆட்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு அந்த விடுதியில் இடம் கிடைத்திருக்காது என்பதை நீங்கள் சொல்லாமலே புரிகிறது.

ஹுகோ பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பே கிடையாது. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2010களின் நடுவிலிருந்து பெய்ஜிங் நகரம், பெரிய மேல்நிலைப்பள்ளிகளின் இடங்களில் ஒரு பங்கைச் சாதாரண நடுநிலைப்பள்ளிகளுக்குப் பிரித்துக்கொடுக்கிறது. அந்தப் பள்ளியின் முதல் மாணவர், நகர வரிசையில் பின்னால் இருந்தாலும் சிங்ஹுவா பள்ளிக்கோ ரென்மின் பள்ளிக்கோ போகலாம். ஹுகோ உள்ளவர்களுக்குள்தான் என்றாலும், எனக்குத் தெரிந்து இந்த நூறு வருடத்தில் வாசலை நிஜமாக அகலப்படுத்திய ஏற்பாடு இதுதான். சத்தமில்லாமல் செய்ததால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

#16 வாசுகி_டீச்சர்

வாசல் போதும், நான் மறுபடி உள்ளே வருகிறேன். பெய்ஜிங் பல்கலை இணைப்புப் பள்ளியில் வகுப்பு ஆசிரியரே இல்லாமல் ஏதோ சோதனை செய்தார்கள் என்று படித்தேன். அது என்ன ஆயிற்று?

#17 நீலா_ரா

டீச்சர், அது வாங் ஜெங் என்ற தலைமையாசிரியரின் வேலை. முன்பு ஷென்ஜென் மேல்நிலைப்பள்ளியில் சோதனைகள் செய்தவர், பிறகு பெய்ஜிங் பல்கலைப் பள்ளிக்கு வந்தார். 2010ஐ ஒட்டி ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். நிரந்தர வகுப்புப் பிரிவு கிடையாது. வகுப்பு ஆசிரியர் கிடையாது, அவர் இடத்தில் வழிகாட்டி. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி அட்டவணை, கல்லூரி மாதிரி பாடத்தைத் தேர்ந்தெடுத்து அறை அறையாகப் போக வேண்டும். மூன்று வருட மாணவர்களையும் கலந்து ‘இல்லம்’ என்று பிரித்தார். இல்லங்களின் பெயர்கள் கன்ஃபூசிய நூலான ‘பெரும் கல்வி’யிலிருந்து எடுத்தவை. ஒவ்வொரு இல்லத்துக்கும் ஒரு பொது அறை, அதை அலங்கரிப்பது, விதி போடுவது, பணத்தைக் கணக்கு வைப்பது எல்லாம் பிள்ளைகள். நாடக விழா, நடன விழா அவர்களே நடத்துவார்கள். அங்கே படித்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். விழாவுக்கு விளக்கு வாடகைக்கு எடுக்கக் கடைக்காரரோடு பேரம் பேசியதைத்தான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பாள், எந்தப் பாடத்தையும் அல்ல.

அதன் மறுபக்கமும் உண்டு. தானாக எழுந்து, தானாகத் திட்டமிட்டுப் படிக்கிற பிள்ளைக்குச் சொர்க்கம். கொஞ்சம் தளர்வான பிள்ளை காணாமல் போனால் யாருக்கும் உடனே தெரியாது. காவ்காவ் முடிவுகளில் பக்கத்து ரென்மின் பள்ளியும் சிங்ஹுவா பள்ளியும் முன்னால் போகப் பெற்றோர் முணுமுணுப்பு கூடியது. 2022 தொடக்கத்தில் வாங் ஜெங் போனார், புதியவர் வந்தார். வகுப்புப் பிரிவும் வகுப்பு ஆசிரியரும் திரும்பி வந்தார்கள்.

#18 வாசுகி_டீச்சர்

பன்னிரண்டு வருடம் ஓடியதே பெரிய விஷயம். வேறு எந்தப் பள்ளியிலும் மூன்றாவது வருடமே கதவைச் சாத்தியிருப்பார்கள். பல்கலையின் நிழல் இருந்ததால்தான் இவ்வளவு காலம் தாங்கியிருக்கும்.

#19 மதுரகவி

அதேதான் டீச்சர். இணைப்புப் பள்ளிக்கு அந்த நிழல் ஒரு காப்பு. மாகாணத்துப் பள்ளித் தலைமையாசிரியர் இப்படிச் செய்தால் மாவட்டக் கல்வி அதிகாரி மறுநாளே வந்து நிற்பார். ஆனால் பெற்றோர் என்ற கூட்டத்திடமிருந்து பல்கலையும் காப்பாற்ற முடியாது. அந்தப் பெற்றோரில் பாதிப் பேர் பல்கலைக்காரர்களே என்பது கூடுதல் தமாஷ்.

#20 ஆத்தூரான்

கடைசியாக என் சொந்தக் கேள்வி. அண்ணன் மகனுக்கு வேலை பெய்ஜிங்கில் கிடைக்கும்போல இருக்கிறது, பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. இந்தியப் பாஸ்போர்ட். சிங்ஹுவா பள்ளி என்று பேச்சு வந்தால் சேர்க்கலாமா? நீலா அம்மா சொன்னால் நம்புவேன்.

#21 நீலா_ரா

சார், அவர்களுக்குத் தனி வாசல். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் பிள்ளைகளுக்காக 2009இல் அந்த வளாகத்தில் சிங்ஹுவா சர்வதேசப் பள்ளி என்று ஒன்று தொடங்கினார்கள், பாடம் ஆங்கிலத்தில். அது காவ்காவ் பாதை இல்லை. இதுவரை இந்த இழையில் பேசிய எந்த ஓட்டமும் அங்கே கிடையாது, பேர் மட்டும்தான் ஒன்று. கட்டணம் கனமாக இருக்கும், கம்பெனி கட்டுகிறதா என்று வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்னாலேயே கேட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

பின்னால் பையன் சிங்ஹுவா பல்கலைக்கே போக நினைத்தால் வெளிநாட்டு மாணவர் வழியில் விண்ணப்பிக்கலாம், அது காவ்காவைவிட எத்தனையோ லேசு. இதைப் பார்த்துத்தான் சீனப் பெற்றோர் சிலர் பிள்ளைக்கு வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வாங்கி அந்த வழியில் நுழைத்தார்கள். 2020இல் அமைச்சகம் விதியை இறுக்கியது. அப்படிப்பட்ட பிள்ளைகள் பாஸ்போர்ட் வாங்கி நான்கு வருடம் ஆகியிருக்க வேண்டும், அந்த நான்கில் இரண்டு வருடமாவது வெளிநாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். உங்கள் அண்ணன் மகனின் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் இல்லை, பெற்றோரும் இந்தியர்கள்தானே. விசாவில் பிள்ளை பெயரைச் சேர்க்கும்போது பிறப்புச் சான்றிதழை முன்கூட்டியே சான்றொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள்.